கொல்லத் தெரிந்த செல்லுக்கு யார் பாடம் நடத்துவது? டி செல்கள் பற்றி ஒரு விரிவான பதில்

உயிரியல் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது இது: "எதிர்ப்புச் சக்தி என்றாலே ஆன்டிபாடி, ஆன்டிபாடி என்கிறார்கள். டி செல் என்று இன்னொன்று இருக்கிறதாமே, அது எங்கே உருவாகிறது? கிருமி எது, நம் உடம்பு எது என்று அதற்கு எப்படித் தெரியும்? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கிற பொடியையும் கஷாயத்தையும் குடித்தால் அது பெருகுமா?"

மூன்றில் நடுக்கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் பிடிபட்டுவிட்டால் மற்ற இரண்டும் தானே விளங்கும். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். தைமஸ் பற்றிய வகுப்பு வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் உற்சாகம் குறையவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆன்டிபாடி இருக்கும்போது டி செல் எதற்கு? ஆன்டிபாடி ரத்தத்திலும் சளிச்சவ்விலும் மிதக்கிற புரதம். வெளியே திரியும் கிருமியை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பிறகு ஆன்டிபாடியால் உள்ளே போக முடியாது. காசநோய்க் கிருமி இன்னும் துணிச்சலானது. தன்னை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். தொழுநோய்க் கிருமி நரம்பைச் சுற்றியுள்ள செல்களில் ஒளிந்துகொள்ளும். இப்படி உள்ளே ஒளிந்திருப்பதை வெளியில் இருந்தபடியே கண்டுபிடித்து, தேவைப்பட்டால் கிருமியோடு சேர்த்து அந்த செல்லையே அழிக்க ஒருவர் வேண்டும். அந்த வேலைதான் டி செல்லுக்கு. நம் சொந்த செல்லைக் கொல்ல அதிகாரம் பெற்ற செல் அது. அப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுக்கும் முன் உடம்பு எவ்வளவு கறாராகச் சோதிக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

டி என்ற எழுத்து தைமஸ் என்ற உறுப்பைக் குறிக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடல்களாக இருக்கும். கைக்குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில் சில சமயம் படகின் பாய் விரித்ததுபோல ஒரு நிழல் தெரியும். அது தைமஸ்தான், நோய் அல்ல. பருவ வயதுக்குப் பிறகு அது மெல்ல மெல்லச் சுருங்கி, கொழுப்பு நிரம்பி, நடுவயதில் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு ஆகிவிடும்.

இந்த உறுப்பு எதற்கு என்றே தெரியாத காலத்தில் அதற்கும் குழந்தைகளுக்கும் இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், தூக்கத்தில் திடீரென்று இறந்த குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்கள் தைமஸ் "பெரிதாக" இருப்பதைக் கண்டார்கள். அது மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பெரிது என்றால் எதோடு ஒப்பிட்டு? அதுவரை அறுத்துப் பார்த்த உடல்களோடு. அந்த உடல்கள் பெரும்பாலும் பட்டினியாலும் நெடுநாள் நோயாலும் வாடி இறந்த ஏழைகளுடையவை. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும் என்பது அன்று தெரியாது. ஆக, திடகாத்திரமான குழந்தையின் இயல்பான தைமஸ் நோயுற்றதாகத் தெரிந்தது. அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்துக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. ஏழையின் உடலை அளவுகோலாக வைத்ததில் தொடங்கிய தவறு அது. மாணவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன்.

உண்மை வெளியே வந்தது 1961-இல். ஜாக் மில்லர் என்ற இளம் ஆய்வாளர் லண்டனின் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தின் சார்பில் எலிகளின் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த இடம் குதிரை லாயமாக இருந்து ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்ட ஒன்று. தம் ஆய்வுக்காகப் பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை எடுக்க வேண்டியிருந்தது. வளர்ந்த எலியில் எடுத்தால் ஒன்றும் ஆகாது என்பது முன்பே தெரிந்ததுதான், அதனால்தான் அது பயனற்ற உறுப்பு என்ற பெயர் வாங்கியிருந்தது. ஆனால் பிறந்ததும் எடுக்கப்பட்ட குட்டிகள் பால் மறந்த சில வாரங்களில் இளைத்து, தொற்றுக்கு ஆளாகி இறந்தன. ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் சாதாரண எலி பத்துப் பன்னிரண்டு நாளில் அதை உதிர்த்துவிடும். இவை உதிர்க்கவே இல்லை. ரேட் எனப்படும் பெரிய வகை எலியின் தோலைக்கூட முடியோடு சுமந்து திரிந்தன. அந்நியத்தை அந்நியமாக அறியும் திறமையே அவற்றுக்கு இல்லாமல் போயிருந்தது. வளர்ந்த எலியில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதற்குள் தைமஸ் தன் மாணவர்களில் ஒரு பெருங்கூட்டத்தைப் படிப்பித்து வெளியே அனுப்பி முடித்திருந்தது. அந்த செல்கள் நெடுநாள் வாழ்பவை.

இடையில் ஒரு சிறு திருத்தம். ஆன்டிபாடி செய்யும் பி செல்லின் "பி" எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரில் இருந்து வந்தது என்று பாடக்குறிப்புகளில்கூட எழுதுகிறார்கள். அது கோழியிடமிருந்து வந்தது. கோழியின் கழிவுத் துவாரத்துக்கு அருகே பர்சா என்றொரு சிறு பை இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கோழிக்கு ஆன்டிபாடி உண்டாவதில்லை என்று 1956-இல் புரூஸ் கிளிக் காட்டினார். 1965-இல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழியை வைத்தே இரண்டு வகை லிம்ஃபோசைட்டுகளையும் பிரித்துக் காட்டினார்கள்.

இனி தைமஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

டி செல்லின் மூதாதை எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. அங்கிருந்து ரத்தத்தில் ஏறித் தைமஸுக்கு வந்து சேரும்போது அது இன்னும் எதுவாகவும் ஆகாத செல். தைமஸின் சுவர் செல்கள் "நாட்ச்" என்ற ஒரு சமிக்ஞையைக் கொடுத்து, "நீ டி செல்லாகத்தான் ஆக வேண்டும்" என்று திசை காட்டுகின்றன. பிறகு அது தனக்கென ஓர் ஏற்பியைச் செய்யத் தொடங்குகிறது. ஏற்பி என்றால் செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும், பொருளைத் தொட்டு உணரும் புரதம். அந்த ஏற்பியைச் செய்யும் விதம்தான் வியப்பு.

மனிதருக்கு மொத்தம் இருபதாயிரம் அளவில்தான் மரபணுக்கள். உலகில் இருக்கும் கிருமிகளோ கணக்கில்லாதவை. நாளைக்குப் புதிதாக ஒரு கிருமி தோன்றலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு என்றால் கட்டுப்படியாகாது. எனவே செல் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டுகிறது. ஏற்பிக்கான பகுதியில் பல துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, நடுவில் இருப்பதை வெட்டியெறிந்து, இணைக்கிறது. ரேக் என்ற பெயருள்ள இரண்டு நொதிகள் இதற்குக் கத்தரிக்கோல். இணைக்கும் இடத்தில் சில எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் சேர்க்கவும் நீக்கவும் செய்கிறது. விளைவாக ஏறத்தாழ ஒவ்வொரு புது டி செல்லுக்கும் ஒரு தனி ஏற்பி. டி செல் ஏற்பியின் மரபணுவை 1984-இல் மனிதரில் டக் மாக் குழுவும் எலியில் மார்க் டேவிஸ் குழுவும் கண்டுபிடித்தன.

குருட்டாம்போக்கு என்றால் சேதாரம் நிச்சயம். டிஎன்ஏ மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. இஷ்டத்துக்கு எழுத்து சேர்த்து ஒட்டினால் மூன்று முறையில் இரண்டு முறை வாசிப்பே குலைந்து, புரதம் உருவாகாது. ஏற்பியின் இரண்டு சங்கிலிகளில் ஒன்றான பீட்டா சங்கிலி சரியாக அமைந்ததா என்று முதலில் ஒரு சோதனை நடக்கிறது. அமையாதவை அங்கேயே மடிகின்றன. அமைந்தவை பெருகி, ஆல்ஃபா சங்கிலியையும் செய்துகொண்டு அடுத்த கட்டத்துக்கு வருகின்றன.

அங்கே இரண்டு தேர்வுகள் காத்திருக்கின்றன. அவற்றை விளக்க டி செல் பார்க்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி ஒரு கிருமியை முழுசாகப் பிடிக்கும். டி செல்லுக்கு முழுக் கிருமி கண்ணிலேயே படாது. நம் செல்களில் ஏறத்தாழ ஒவ்வொன்றும் தனக்குள் உண்டாகும் புரதங்களைச் சிறு சிறு துணுக்குகளாக நறுக்கி, எம்ஹெச்சி என்ற புரதத் தட்டில் ஏந்தி, மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல. உள்ளே வைரஸ் இருந்தால் வைரஸின் துணுக்கும் அந்தத் தட்டில் வரும். டி செல் வந்து தொட்டுப் பார்ப்பது அந்தப் பருக்கையைத்தான், அதுவும் தட்டோடு சேர்த்து. மனிதரில் இந்தத் தட்டுக்கு ஹெச்எல்ஏ என்று பெயர். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் போனவர்கள் "ஹெச்எல்ஏ மேட்சிங்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள், இதுதான் அது. ஆளுக்கு ஆள் தட்டின் வடிவம் மாறும்.

தட்டோடு சேர்த்துத்தான் டி செல் பார்க்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் 1973, 1974 வாக்கில் கண்டுபிடித்தார்கள். ஓர் இன எலிக்கு வைரஸ் தொற்றை உண்டாக்கி அதன் கொல்லும் டி செல்களை எடுத்தார்கள். அதே வைரஸ் தொற்றிய, ஆனால் வேறு தட்டு கொண்ட எலியின் செல்களோடு அவற்றைச் சேர்த்தபோது டி செல்கள் சும்மா இருந்தன. சொந்தத் தட்டில் வைத்துக் காட்டினால் மட்டுமே கொன்றன. 1996-இல் இதற்கு நோபல் பரிசு.

இப்போது முதல் தேர்வு. தைமஸின் வெளிப்பகுதியில், அங்குள்ள செல்கள் நம் சொந்தத் தட்டுகளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. வளரும் டி செல் தன் ஏற்பியால் அந்தத் தட்டை ஓரளவாவது தொட்டு உணர முடிகிறதா? முடியாவிட்டால் அந்த ஏற்பியால் இந்த உடம்பில் பயனே இல்லை. அதற்குப் பிழைக்கும் சமிக்ஞை கிடைக்காது. மூன்று நான்கு நாளில் தானே இறந்துபோகும். வருகிறவற்றில் மிகப் பெரும்பங்கு இங்கே விழுந்துவிடுகிறது. எந்த வகைத் தட்டைத் தொட்டது என்பதைப் பொறுத்து டி செல்லின் எதிர்காலமும் இங்கேயே தீர்மானமாகிறது. ஒரு வகையைத் தொட்டால் சிடி8, அதாவது கொல்லும் செல். மற்ற வகையைத் தொட்டால் சிடி4, அதாவது உதவும் செல்.

தேறியவை தைமஸின் உள்பகுதிக்குப் போகின்றன. இரண்டாவது தேர்வு நேர் எதிரானது. இங்கே சொந்தப் பொருளை இறுக்கமாகப் பிடித்தால் மரணம். கொஞ்சம் யோசித்தால் ஒரு சிக்கல் புரியும். தைமஸ் நெஞ்சில் இருக்கிறது. கணையத்தில் மட்டுமே உண்டாகும் இன்சுலினையும், தைராய்டில் மட்டுமே உண்டாகும் புரதத்தையும் அது எங்கிருந்து கொண்டுவந்து காட்டும்? காட்டாவிட்டால், இன்சுலின் செல்லைத் தாக்கும் ஒரு டி செல் தேறி வெளியே போய்விடுமே.

தைமஸின் உள்பகுதிச் செல்களில் ஏர் என்ற மரபணு வேலை செய்கிறது. அது மற்ற உறுப்புகளில் மட்டுமே திறக்க வேண்டிய ஆயிரக்கணக்கான மரபணுக்களை அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறது. இன்சுலினும் வருகிறது, தைராய்டு புரதமும் வருகிறது. உடம்பு முழுவதையும் ஒரு சிறு அறைக்குள் கண்காட்சி வைத்தது போல. அதைப் பார்த்துப் பாய்கிற டி செல்லை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். இந்த மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பாராதைராய்டு, அட்ரினல் என்று ஒவ்வொரு சுரப்பியாகத் தாக்கப்படும் அரிய நோய் வருகிறது. ஃபின்லாந்தில் அது சற்று அதிகம். மரபணுவை 1997-இல் கண்டுபிடித்தார்கள், அது செய்யும் வேலை 2002-இல் தெளிவானது.

இரண்டு தேர்வையும் தாண்டி ரத்தத்துக்கு வருபவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மற்றவை அத்தனையையும் தைமஸில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் சத்தமில்லாமல் தின்று தீர்த்துவிடுகின்றன. இவ்வளவு வீணடிப்பா என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்கு அது வீணாகத் தோன்றவில்லை. தவறான ஒரு டி செல் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை முதல் வகை சர்க்கரை நோய் வந்த ஒரு குழந்தையின் தாயிடம் கேட்டால் தெரியும்.

ஆனாலும் சில தப்பிவிடுகின்றன. எந்தத் தேர்வும் முழுமையாக வடிகட்டாது. அப்படியானால் நம்மில் பெரும்பாலோர் ஏன் நலமாக இருக்கிறோம்? இந்தக் கேள்விக்கான பதிலும் தைமஸ் நீக்கப்பட்ட எலியில் இருந்துதான் வந்தது. பிறந்த உடனே எடுத்தால் எதிர்ப்பாற்றல் போய்விடுகிறது என்று மில்லர் காட்டினார். பிறந்த மூன்றாம் நாள் எடுத்தால்? எதிர்ப்பாற்றல் போகவில்லை. மாறாக அது வெறிபிடித்து எலியின் சொந்த உறுப்புகளையே தாக்கியது. மூன்று நாள் தள்ளிப்போட்டதில் எப்படி இந்தத் தலைகீழ் மாற்றம்? ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சியை இந்தப் புதிர் விடவே இல்லை. தைமஸில் இருந்து சற்றுத் தாமதமாக வெளிவரும் ஒரு வகை டி செல் மற்ற டி செல்களை அடக்கி வைக்கிறது, மூன்றாம் நாள் அறுவையில் அந்த அடக்குபவர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள் என்று அவர் கருதினார். அடக்கும் செல் என்ற கருத்தே அந்தக் காலத்தில் ஆய்வுலகில் மதிப்பிழந்து கிடந்தது. அவர் விடாமல் 1995-இல் அந்தச் செல்லின் அடையாளத்தை வெளியிட்டார். நாம் இன்று கட்டுப்படுத்தும் டி செல் என்று சொல்வது அதைத்தான்.

மறுபக்கம், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940-களில் தானாகப் பிறந்த ஒரு நோயுற்ற எலி வம்சம் இருந்தது. ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் இறந்துவிடும். அதன் காரணமான மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் வெகு பொறுமையாகத் தேடி 2001-இல் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்று பெயர். அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் சேர்ந்து வரும். சகாகுச்சியின் செல்லுக்கு அந்த உருவைக் கொடுப்பதே இந்த மரபணுதான் என்று இரண்டு ஆண்டுகளில் தெளிவானது. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்த அன்று நான் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அந்த மூன்று நாள் எலியின் கதையைத்தான் சொன்னேன்.

தேறி வந்த டி செல் வேலை செய்வது எங்கே? காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அதுதான் டி செல்லின் சந்தை. ஒரு குறிப்பிட்ட கிருமித் துணுக்கை அறியும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது உடம்பு முழுக்கத் தேடி அலைந்தால் நடக்கிற காரியமில்லை. எனவே புண் இருக்கும் இடத்தில் இருந்து டென்ட்ரிட்டிக் செல்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு நெறிக்கு வருகின்றன. டி செல்களும் ஒரு நெறியில் அரை நாளோ ஒரு நாளோ சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த நெறிக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. பொருந்தும் ஜோடி சந்தித்துவிட்டால் அந்த ஒரு டி செல் நின்று, பெருத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பிரிந்து, ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்காகப் பெருகிவிடுகிறது. நெறி வீங்கி வலிப்பது இதனால்தான். புது வைரஸ் காய்ச்சல் இறங்க ஒரு வாரம் பிடிப்பதற்கும் இது ஒரு காரணம்.

அந்தச் சந்திப்பிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. துணுக்கு பொருந்தினால் மட்டும் டி செல் கிளம்பாது. டென்ட்ரிட்டிக் செல் ஆபத்தை உணர்ந்து இரண்டாவதாக ஒரு சமிக்ஞையும் கொடுக்க வேண்டும். முதல் சமிக்ஞை மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் டி செல் மரத்துப்போகும். தைமஸில் தப்பியவை வெளியே அடங்கிக் கிடப்பதற்கு இந்த ஏற்பாடும் உதவுகிறது.

கொல்லும் செல் எப்படிக் கொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொற்றிய செல்லோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே செலுத்துகிறது. அவை அந்த செல்லைத் தற்கொலைக்குத் தூண்டிவிடும். பக்கத்துச் செல்லுக்குச் சேதம் அதிகமில்லை. பிறகு விலகி அடுத்த செல்லைத் தேடிப் போகிறது.

உதவும் செல்லைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதன் அருமை வெளியில் தெரிவதில்லை. அது யாரையும் நேராகக் கொல்வது அரிது. மேக்ரோஃபேஜுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையைக் கொடுத்து உள்ளே இருக்கும் காசநோய்க் கிருமியைக் கொல்ல வைக்கிறது. பி செல்லுக்கு உதவி நல்ல தரமான, நீடித்த ஆன்டிபாடியைச் செய்ய வைக்கிறது. ஆக நீங்கள் கேட்ட ஆன்டிபாடியின் பின்னாலும் பெரும்பாலும் ஒரு டி செல் இருக்கிறது. தடுப்பூசி செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் பாக்டீரியாவின் மேலுறை சர்க்கரையால் ஆனது. டி செல்லின் தட்டில் ஏறுவது புரதத் துணுக்கு. எனவே வெறும் சர்க்கரையைத் தடுப்பூசியாகப் போட்டால் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பயனில்லை. சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துப் போட்டதும் டி செல் உதவிக்கு வந்தது, கைக்குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அந்த ஹிப் தடுப்பூசியும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் அறிமுகமானது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

டி செல்லின் வேலையைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், மான்டு டெஸ்ட் செய்துகொண்ட கையைப் பாருங்கள். காசநோய்க் கிருமியின் புரதத்தை முன்கைத் தோலுக்குள் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். ஏன் அவ்வளவு நேரம்? அந்தக் கிருமியை முன்பே சந்தித்த நினைவு டி செல்கள் வந்து கூடி, மற்ற செல்களையும் அழைத்து வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறார்களே, அந்தத் தடிப்பு முழுக்க டி செல்கள் கூட்டிய கூட்டம். சிவப்பை அளக்கக்கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும்.

உதவும் செல்லின் அருமை உலகத்துக்குத் தெரிந்தது எய்ட்ஸ் வந்த பிறகு. ஹெச்ஐவி வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியே சிடி4 என்ற புரதம்தான். நலமாக உள்ள பெரியவருக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை சிடி4 செல்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் சாதாரண மனிதரை எட்டிப் பார்க்காத பூஞ்சையும் ஒட்டுண்ணியும் உயிரைப் பறிக்கும். இந்தியாவில் ஹெச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரிந்தது 1986-இல் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சிஎம்சியில் சோதித்து உறுதி செய்தார்கள். இங்கெல்லாம் அந்த நோய் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்று சிடி4 எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் கண்டறிந்த உடனே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். "சிடி4 கவுண்ட் எவ்வளவு?" என்ற கேள்வியின் கனம் அந்த மருந்தகங்களின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

தொற்று தீர்ந்ததும் பெருகிய டி செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறந்துவிடும். மீதி நினைவு செல்களாகத் தங்கும். 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களைச் சிங்கப்பூரில் 17 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அந்த வைரஸை அறியும் டி செல்கள் இன்னும் இருந்தன.

அடக்கும் ஏற்பாடுகளைப் புற்றுநோயும் பயன்படுத்திக்கொள்கிறது. டி செல்லின் மேல் பிடி-1, சிடிஎல்ஏ-4 என்று பிரேக் போன்ற புரதங்கள் உண்டு. கட்டி அந்தப் பிரேக்கை மிதித்தே டி செல்லை நிறுத்திவிடுகிறது. அதை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழி வகுத்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. பிரேக்கை விடுவித்தால் சிலருக்குக் கட்டி கரைகிறது. சிலருக்குக் கூடவே குடலும் தைராய்டும் தாக்கப்படுகின்றன. இன்னொரு வழி, நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, செயற்கையான ஏற்பி ஒன்றைப் பொருத்தி, திரும்பச் செலுத்துவது. அதற்கு கார்-டி சிகிச்சை என்று பெயர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தியக் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பொடியும் கஷாயமும் டி செல்லைப் பெருக்குமா? இவ்வளவு சொன்ன பிறகு, பெருக்குவதே நல்லதுதானா என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் தினமும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுவது டி செல் கிளம்பாமல் இருக்கத்தான். முடக்குவாதக்காரரின் மூட்டைத் தின்பதிலும் டி செல்லுக்குப் பங்குண்டு. கூட்டுவது என்ற சொல் இங்கே பொருந்தவே இல்லை. தைமஸை உண்மையில் கெடுப்பவை எவை என்று கேட்டால் பதில் உண்டு. கடுமையான ஊட்டக்குறைவு தைமஸைச் சுருக்கிவிடும், துத்தநாகக் குறைவும் கெடுக்கும், ஸ்டீராய்டு மருந்து வளரும் டி செல்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும். பெயர், முகவரி இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு என்று வாங்கிய பொடி எதிர்ப்புச் சக்தியையே அரிக்கும் நிலை அது. குழந்தைக்குப் பருப்பும் முட்டையும் கிடைப்பதும், அட்டவணைப்படி தடுப்பூசி போடுவதும் தைமஸுக்கு எந்த டப்பாவையும் விட அதிகம் செய்யும்.

பெரியவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. இதய அறுவையின்போது வழியில் இருக்கிறது என்று அதை எடுத்துவிடுவது வழக்கம். பாஸ்டனில் அப்படித் தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், அதேபோன்ற அறுவை நடந்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டு 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. எடுக்கப்பட்டவர்களில் 8.1 சதவீதம் பேரும் எடுக்கப்படாதவர்களில் 2.8 சதவீதம் பேரும் அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். புற்றுநோயும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய்க்கோ, தைமஸிலேயே கட்டி வந்தோ எடுப்பது வேறு, அதற்குத் தேவை இருக்கிறது. வழியில் இருக்கிறதே என்று எடுப்பதை இனி யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சில குழந்தைகள் டி செல்லே இல்லாமல் பிறக்கின்றன. ரேக் மரபணுவோ, டி செல் வளரத் தேவையான வேறொரு மரபணுவோ பழுதாகியிருக்கும். பிறந்தபோது கொழுகொழுவென்று இருக்கும், சில மாதத்தில் வாய்ப்புண்ணும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு தடயம் கிடைக்கும். கைக்குழந்தைக்கு லிம்ஃபோசைட் எண்ணிக்கை 3000-க்குக் கீழே இருந்தால் அதைக் கடந்து போகக்கூடாது. இந்தக் குழந்தைகளுக்குப் பிறந்ததும் போடும் பிசிஜி ஊசியில் உள்ள, மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத உயிர்க் கிருமியே உடம்பெங்கும் பரவிவிடும். முன்பு அந்தக் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை காரணம் தெரியாமல் தொடர் தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பிசிஜியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். டி செல் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு போட்டுக்கொள்ளலாம். சீக்கிரம் கண்டுபிடித்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் அந்தக் குழந்தை பிழைத்து வளரும். வேறொருவரின் மஜ்ஜையில் இருந்து வந்த செல்கள், குழந்தையின் சொந்தத் தைமஸில் போய் உட்கார்ந்து அந்த இரண்டு தேர்வுகளையும் எழுதத் தொடங்கும்.